காசு குடுத்து அப்பிள் ஆயும் கதை

செப்ரெம்பர் பிறந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கியதும் லண்டன் தமிழ்க் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வரும். "வாற ஞாயிறு அப்பிள் ஆயப் போறம், ஆர் ஆர் வாறியள்?" உடனே நாலு கார் சேர்ந்துவிடும். புட்டும் சம்பலும் சுடுதண்ணிப் போத்தலும் ஏறும். கூடவே அம்மம்மாவோ அப்பப்பாவோ ஏறுவார். ஏறும்போதே ஒரு கேள்வியும் கேட்பார். எங்கள் வீட்டில் அதைக் கேட்பவர் அப்பப்பா: "பெற்றோலும் அடிச்சு, உள்ளுக்குப் போக ரிக்கற்றும் எடுத்து, வேலையையும் நாங்களே செய்து குடுத்து, பிறகு நிறுத்துக் காசும் குடுக்கிறதோ? தோட்டக்காரன் எல்லோ எங்களுக்குக் கூலி தரவேணும்!"

எல்லாரும் சிரிப்போம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது நல்ல கேள்வி. ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர் அவர். ஆள் பிடித்து, கூலி கொடுத்து, மத்தியானச் சாப்பாடும் கொடுத்துத்தான் மிளகாய் ஆய்வித்திருக்கிறார். ஒரு வேலை எப்போது கூலியாக இருக்கிறது, எப்போது பொழுதுபோக்காக மாறுகிறது? இதற்குப் பதில் தேடப் போனால் ஆங்கிலேய அரசன், மத்திய ஆசிய மலை, ஹீத்ரோ விமான நிலையம் என்று எங்கெங்கோ போய் வரவேண்டியிருக்கிறது. வாருங்கள், போய் வருவோம்.

அதற்கு முதல் ஒரு சொல். தமிழ்ப் பள்ளியில் நீங்கள் 'பறித்தல்' என்று படித்திருப்பீர்கள். வீட்டில் பெரியவர்கள் 'ஆய்தல்' என்பார்கள். பூ ஆய்வது, கத்தரிக்காய் ஆய்வது, மாங்காய் ஆய்வது. 'ஆய்வு', 'ஆராய்ச்சி' என்ற சொற்களிலும் இதே 'ஆய்' தான் இருக்கிறது. பார்த்து, தேர்ந்து எடுப்பது என்று பொருள். கண்டபடி பிடுங்குவதற்கு அந்தச் சொல் பொருந்தாது.

வந்தேறிப் பழம்

அப்பிளைப் போல ஆங்கிலேயத்தனமான பழம் வேறில்லை என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வெளியூர்ப் பழம். நாம் சாப்பிடும் அப்பிளின் மூதாதை இன்றைய கசகஸ்தான், கிர்கிஸ்தான் எல்லையில் உள்ள தியன் ஷான் மலைச்சாரல் காடுகளில் வளரும் காட்டு அப்பிள். கசகஸ்தானின் பெரிய நகரமான அல்மாட்டியின் பெயரிலேயே 'அல்மா' இருக்கிறது. அந்த மொழியில் அல்மா என்றால் அப்பிள்.

1929இல் நிக்கொலாய் வவிலொவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி அங்கே போய், மலை முழுக்க விதம் விதமான காட்டு அப்பிள் நிற்பதைப் பார்த்து, இதுதான் அப்பிளின் தாயகம் என்றார். பிற்காலத்தில் மரபணுச் சோதனைகள் அவர் சொன்னது சரி என்று காட்டின. அதைக் கேட்க அவர் இருக்கவில்லை. உலகம் முழுக்க அலைந்து விதை சேர்த்த அந்த மனிதரை ஸ்டாலினின் ஆட்சி 1940இல் கைது செய்தது. 1943இல் சிறையில் பட்டினியால் இறந்தார்.

அந்த மலையிலிருந்து பட்டுப் பாதை வழியே, வணிகர்களின் பைகளிலும் குதிரைகளின் வயிற்றிலும் அப்பிள் மேற்கே வந்தது. பிரித்தானியாவில் முன்பே புளித்த காட்டு அப்பிள் இருந்தது. தின்னக்கூடிய இனிப்பு அப்பிளைக் கொண்டுவந்தவர்கள் ரோமர்கள். அவர்கள் போன பிறகு மடங்களில் துறவிகள் தோட்டங்களைக் காப்பாற்றினார்கள்.

கென்ற் மாவட்டம் அப்பிளுக்குப் பேர்போனதற்கு ஒரு அரசனின் ஆசையும் காரணம். எட்டாம் ஹென்றியின் பழத் தோட்டக்காரர் றிச்சாட் ஹரிஸ் 1533 அளவில் பிரான்சிலிருந்து நல்ல அப்பிள் வகைகளைக் கொண்டுவந்து ரெனம் என்ற ஊரில் நட்டார். (ஊர்ப் பலகையில் எழுத்துகள் நீளமாக இருக்கும். வாயில் சொல்வது இப்படித்தான்.) சுமார் 105 ஏக்கர். அங்கிருந்து மற்றத் தோட்டக்காரர்களும் கன்று வாங்கினார்கள். தேம்ஸ் ஆறு பக்கத்தில் ஓடுவதால் பழத்தைப் படகில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவது சுலபம். நெடுஞ்சாலையும் குளிர்பதன லொறியும் இல்லாத காலத்தில், பழம் நசியாமல் சந்தைக்கு வர ஆற்றுப் பாதையை விட வேறு நல்ல வழி கிடையாது.

யாழ்ப்பாணத்தில் ஏன் அப்பிள் இல்லை என்று சின்னவர்கள் கேட்பதுண்டு. மண் காரணமில்லை. அப்பிள் மரத்துக்குக் குளிர்கால நித்திரை வேண்டும். பெரும்பாலான வகைகளுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழே 800 முதல் 1,000 மணித்தியாலம் வரை கிடைத்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். அந்தக் குளிர் எங்கள் ஊரில் மார்கழியிலும் கிடைக்காது. அதனால்தான் அம்மாவின் சின்ன வயதில் அப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். ஒரு பழத்தை எட்டாக வெட்டிப் பகிர்ந்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஹீத்ரோவும் கொக்ஸும்

லண்டனுக்கு வந்த எங்கள் பெற்றோர் பலர் முதலில் மிதித்த மண் ஹீத்ரோ. அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? பழத் தோட்டமும் மரக்கறித் தோட்டமும்தான். மேற்கு மிடில்செக்ஸ் முழுக்க நல்ல வண்டல் மண். அங்கே விளைந்தது இரவோடிரவாக வண்டியில் கொவென்ற் கார்டன் சந்தைக்குப் போகும். ஹீத்ரோ என்பது அங்கிருந்த ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். 1944இல் போர்க்காலச் சட்டத்தைப் பயன்படுத்தி அரசு அந்த நிலத்தை எடுத்து, வீடுகளை இடித்து, மரங்களைத் தறித்தது. போருக்கு விமானத்தளம் வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அப்போது விமான அமைச்சில் துணை அமைச்சராக இருந்த ஹரல்ட் பல்ஃபர், உண்மையில் போருக்குப் பிந்திய பயணிகள் விமான நிலையத்தை மனதில் வைத்தே அதைச் செய்ததாகத் தன் நினைவு நூலில் பிறகு ஒத்துக்கொண்டார். 1946இல் பயணிகள் விமானங்கள் பறக்கத் தொடங்கின.

காணி பறிபோவது எங்களுக்குத் தெரியாத விசயமா? 'பாதுகாப்பு' என்று சொல்லி எடுத்த நிலம் திரும்ப வராத கதை வலிகாமம் வடக்கில் எத்தனை குடும்பங்களுக்கு! ஹீத்ரோக் கிராமத்துக்காரருக்கு அரசு நட்டஈடு கொடுத்தது, உயிர்ப் பயம் இருக்கவில்லை. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓடுபாதைக்குக் கீழே யாரோ ஒருவரின் தோட்டம் கிடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அந்த மண்ணில் இன்னொன்றும் நடந்தது. 1987 பெப்ரவரியில், அடைக்கலம் கேட்டு வந்த தமிழர்களைத் திருப்பி அனுப்புவதற்காக ஹீத்ரோவில் விமானத்தில் ஏற்ற முயன்றார்கள். அவர்கள் உடுப்பைக் கழற்றி எறிந்து, அந்தக் குளிரில் உள்ளாடையோடு விமானத் தரையில் நின்று ஏற மறுத்தார்கள். படம் பத்திரிகைகளில் வந்தது. அதே வருடம் புதிய சட்டம் ஒன்று வந்தது. உரிய பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றி வரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் வந்திருந்தால் இந்தச் சட்டத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் பாரம் தெரிந்திருக்கும்.

இப்போது விமான நிலைய வேலியிலிருந்து மேற்கே கொஞ்சத் தூரம் போவோம். கோல்ன்புறூக் என்ற ஊர். அங்கே பெர்மண்ட்சியில் பியர் வடித்து ஓய்வுபெற்ற றிச்சாட் கொக்ஸ் என்பவர் வீடு வாங்கிக் குடியேறினார். 1825 அளவில் சில அப்பிள் விதைகளை நட்டார். அதில் முளைத்த ஒரு மரம்தான் கொக்ஸ் ஒறேஞ் பிப்பின். ஆங்கிலேயர் தங்கள் அப்பிள்களிலேயே சிறந்தது என்று கொண்டாடும் பழம். கொக்ஸ் 1845இல் இறந்தார். அவருடைய பழத்துக்குப் பேர் வந்தது அதற்குப் பிறகுதான். பக்கத்து ஊரான ஸ்லவ்வில் கன்று விற்ற சாள்ஸ் ரேணர் 1850 அளவில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே உயிரியல் பாடத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விசயம் இருக்கிறது. கொக்ஸ் பழத்தின் விதையை நட்டால் கொக்ஸ் மரம் வராது. அப்பிள் விதை ஒவ்வொன்றும் புதுப் பிள்ளை. தாயைப் போலவும் இராது, தகப்பனைப் போலவும் இராது. பெரும்பாலும் புளிக்கும். அதே பழம் திரும்ப வேண்டுமானால் அந்த மரத்தின் கொப்பை வெட்டி இன்னொரு வேரில் ஒட்டவேண்டும். ஊரில் ஒட்டு மாங்கன்று என்று சொல்வோமே, அதே வேலைதான். கறுத்தக்கொழும்பான் வேண்டுமென்றால் மாங்கொட்டையை நம்பாமல் ஒட்டுக் கன்று வாங்குவார்கள். ஆகவே இன்று உலகில் எங்கே கொக்ஸ் மரம் நின்றாலும் அது கோல்ன்புறூக்கில் நின்ற அந்த ஒற்றை மரத்தின் கொப்புத்தான். கணினிக்காரன் பாசையில் சொன்னால், கொப்பி எடுக்க எடுக்கத் தரம் குறையாத கோப்பு.

சமையலுக்கு எடுக்கும் பெரிய பச்சைப் பழம் பிறம்லியின் கதையும் இப்படித்தான். ஆனால் அதில் எனக்குக் கோபம். நொட்டிங்ஹம் பக்கம் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிறெயில்ஸ்ஃபோட் என்ற சிறுமி 1809இல் விதை போட்டு வளர்த்த மரம் அது. 1846இல் அந்த வீட்டை மத்தியூ பிறம்லி என்ற இறைச்சிக்கடைக்காரர் வாங்கினார். பத்து வருடம் கழித்துக் கன்று விற்கும் ஒரு இளைஞர் வந்து கொப்புக் கேட்டபோது, தாராளமாக எடு, ஆனால் என் பெயர்தான் வைக்கவேண்டும் என்றார். நட்டவளின் பெயர் போய் வீட்டை வாங்கியவரின் பெயர் நிலைத்தது. நான் அதை மேரி ஆன் அப்பிள் என்றுதான் வீட்டில் சொல்கிறேன். ரெஸ்கோவில் கேட்டால் ஒருவருக்கும் விளங்காது, பரவாயில்லை.

ஏணி தேவையில்லாத மரம்

பழைய அப்பிள் மரங்கள் பெரியவை. ஆறு மீற்றர், எட்டு மீற்றர் உயரத்துக்கு நிற்கும். நீள ஏணியில் ஏறி, இடுப்பில் கூடை கட்டி ஆய்வது பழகினவர்களின் வேலை. விழுந்தால் கை கால் போகும். அப்படிப்பட்ட தோட்டத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளையையும் அப்பப்பாவையும் விட முடியுமா?

இதை மாற்றியது பழமல்ல, வேர். ஒட்டுக் கன்றில் மேல் பாதி என்ன பழம் என்று தீர்மானிக்கும். கீழ்ப் பாதி மரம் எவ்வளவு உயரம் வளரும் என்று தீர்மானிக்கும். குட்டையாக வளரவைக்கும் வேர்கள் முன்பே இருந்தன. ஆனால் ஒரே பெயரில் பத்து வகை, பத்துப் பெயரில் ஒரே வகை என்று கன்று வியாபாரத்தில் ஒரே குழப்பம். 1913இல் கென்றில் தொடங்கிய ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஹற்றன் என்பவர் இந்த வேர்களையெல்லாம் சேர்த்து, வளர்த்துப் பார்த்து, வகை பிரித்து, எம்1, எம்2 என்று இலக்கம் கொடுத்தார். இதில் எம்9 என்ற வேரில் ஒட்டிய மரம் ஏறத்தாழ இரண்டரை மீற்றருக்கு மேல் போகாது. இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். வேர் பலமில்லாததால் ஆயுள் முழுக்கத் தடி கட்டி நிற்பாட்டவேண்டும். நீங்கள் போகும் தோட்டங்களில் மரங்கள் கம்பியோடும் தடியோடும் வரிசையாக நிற்பது அதனால்தான்.

தென் லண்டன் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. இன்னொரு புகழ்பெற்ற வேர் வரிசைக்கு எம்எம் என்று பெயர். மோலிங், மேட்டன். ரூட்டிங்குக்கும் விம்பிள்டனுக்கும் பக்கத்தில் இருக்கும் அதே மேட்டன்தான். அங்கே 1910இல் தொடங்கிய ஜோன் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனமும் ஈஸ்ற் மோலிங்கும் சேர்ந்து, மரத்தில் பஞ்சு போலப் படரும் ஒரு பூச்சியைத் தாங்கக்கூடிய வேர்களை உருவாக்கின. 1952இல் வெளியான அந்த வரிசையில் எம்எம்106 இன்றும் உலகம் முழுக்க நடப்படுகிறது. அந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் வில்லியம் பேற்சன். 'ஜெனற்றிக்ஸ்' என்ற சொல்லைப் படைத்தவர் அவர். நிறுவனம் பிறகு வேறு இடம் போய்விட்டது. ஜோன் இன்ஸ் பூங்கா இன்றும் மேட்டனில் இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் அதற்குள்ளே பந்து அடித்திருப்பார்கள்.

பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம். ஏணியை மேம்படுத்தப் போகாமல் மரத்தையே குறுக்கிவிட்டார்கள்.

கூலி வேலை எப்படிச் சுற்றுலா ஆனது

லண்டன்காரர் கென்றுக்குப் போய் ஆய்வது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1950கள் வரை ஒவ்வொரு செப்ரெம்பரும் கிழக்கு லண்டன் ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கென்றுக்குப் போனார்கள். அப்பிளுக்கல்ல, பியருக்குக் கசப்புக் கொடுக்கும் ஹொப்ஸ் என்ற கொடியின் பூவை ஆய. லண்டன் பிறிட்ஜ் நிலையத்திலிருந்து விசேட ரயில். தகரக் கொட்டிலில் படுக்கை, வைக்கோல் மெத்தை. தாயும் பிள்ளைகளும் வாரக்கணக்கில் தங்குவார்கள், பள்ளிக்கூடம் காத்திருக்கும். தகப்பன் சனி ஞாயிறு வந்து பார்ப்பார். கூலி குறைவு. ஆனாலும் புகை மண்டிய தெருக்களிலிருந்து தப்பிக் காற்று வாங்க அவர்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை அது. கிழக்கு லண்டனில் ஈஸ்ற்ஹாம், பிளாஸ்ரோ பக்கம் வாழ்ந்த பழைய ஆட்கள் அந்த நாட்களை ஆசையோடு பேசுவார்கள்.

ஆசையோடு மட்டும் பேசினால் பாதிக் கதைதான். 1853 ஒக்ரோபர் 20 அன்று வேலை முடிந்து திரும்பிய ஹொப்ஸ் கூலிகளின் வண்டி, ஹார்ட்லேக் என்ற இடத்தில் மெட்வே ஆற்றுப் பாலத்தின் பழுதான மர வேலியை உடைத்துக்கொண்டு வெள்ளத்தில் விழுந்தது. ஜிப்சிகளும் ஐரிஷ்காரரும், 30 பேர் இறந்தார்கள். ஜோர்ஜ் ஓர்வெல் 1931இல் தானே போய் ஹொப்ஸ் ஆய்ந்து, அந்தக் கூலியில் ஒருவர் வாழமுடியாது என்று எழுதினார். பிறகு ஹொப்ஸுக்கு இயந்திரம் வந்தது, கொட்டில்கள் காலியாகின.

அப்பிளுக்கு அப்படி இயந்திரம் வரவில்லை. அடி பட்டால் பழம் கறுத்துவிடும், ஆகவே கை வேண்டும். ஆனால் போருக்குப் பிறகு தொழிற்சாலைகளில் நல்ல சம்பளம் கிடைக்கத் தொடங்கியதும் தோட்டத்துக்குக் கை கிடைக்கவில்லை. 1960களிலும் 70களிலும் மூன்று விசயம் ஒன்றாகச் சேர்ந்தன. கூலியாள் தட்டுப்பாடு. குடும்பங்களிடம் கார். வீட்டில் பழத்தைச் சேமிக்கக் குளிர்பெட்டி. சில தோட்டக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆய்வது, தரம் பிரிப்பது, பெட்டி கட்டுவது, லொறியில் அனுப்புவது, சந்தைத் தரகு எல்லாம் மிச்சம். வாடிக்கையாளரே வந்து ஆய்ந்து, கடை விலையை விடக் குறைவாகக் கொடுத்தாலும் இலாபம். இப்படித்தான் 'நீங்களே ஆயுங்கள்' பலகைகள் வீதியோரம் முளைத்தன. முதலில் ஸ்ரோபெரிக்கு, பிறகு மற்றப் பழங்களுக்கும்.

1973இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. பிரான்சிலிருந்து கோல்டன் டிலிஷஸ் அப்பிள் மலிவாக வந்து குவிந்தது. சுப்பர்மாக்கற்றுகளுக்கு ஒரே அளவு, ஒரே நிறம் வேண்டும். கொக்ஸ் அப்படி அடங்குகிற பழம் இல்லை. மரத்தைத் தறிக்கவே அரசு உதவிப்பணம் கொடுத்தது. 2022இல் நஷனல் ட்ரஸ்ற் பழைய வரைபடங்களைக் கணினியால் படித்துப் பார்த்துச் சொன்ன கணக்கின்படி, 1900க்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய முறைத் தோட்டங்களில் 81 வீதம் அழிந்துவிட்டது. நகருக்குப் பக்கத்தில் தப்பியிருக்கும் சிறிய தோட்டங்கள் பலவற்றுக்கு எங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை வரும் கூட்டம் ஒரு பிடிமானம். அப்பப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இதில் வருகிறது. அவர் கொடுக்கும் காசு ஆய்வதற்கு அல்ல, தோட்டம் தோட்டமாக இருப்பதற்கு. இதை அவரிடம் சொன்னேன். "அப்ப கடைசியில நாங்கள் ரெண்டும் குடுக்கிறம்" என்றார். அதுவும் சரிதான்.

மலையிலிருந்து வந்தவர்கள்

ஆனால் நாங்கள் ஆய்வது கடலில் ஒரு துளி. சுப்பர்மாக்கற்றில் இருக்கும் கென்ற் அப்பிளை ஆய்வது யார்? நீண்ட காலம் கிழக்கு ஐரோப்பியர். பிரெக்சிற் வாக்கெடுப்புக்குப் பிறகு 2019இல் பருவகால வேலை விசாவை 2,500 பேருக்கு என்று பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். 2023இல் அது 45,000 ஆகிவிட்டது. ஆறு மாதம் வரைதான் தங்கலாம், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அந்த விசாவில் வருபவர்களில் பெரும்பகுதியினர் இப்போது கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், கசகஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆட்கள்.

மேலே முதலில் சொன்ன தியன் ஷான் மலையை நினைவிருக்கிறதா? அப்பிள் பிறந்த மலையின் பிள்ளைகள் கென்றுக்கு வந்து அப்பிள் ஆய்கிறார்கள். வரும் முன்னரே விமான ரிக்கற்றுக்கும் விசாவுக்கும் கடன் வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடன் அடைபட எத்தனை வாரம் ஆயவேண்டும் என்று கணக்குப் பார்ப்பார்கள். இந்தக் கணக்கு எங்கள் பெற்றோருக்குப் புதிதல்ல. முகவருக்குக் கொடுத்த காசு அடைபடும் வரைக்கும் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

ஆய்வதைத் தொழிலாகச் செய்ததில் எங்கள் மொழி பேசுவோருக்கு இதைவிட நீண்ட வரலாறு உண்டு. இலங்கை மலையகத்தில் முதலில் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் தேயிலை தொடங்கிய பிறகு தேயிலைக்கும், தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். 1948இல் கொண்டுவந்த சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. ஒரு நாள் கூலி 1,000 ரூபா என்பதற்கு 2021 வரை போராடவேண்டியிருந்தது. இன்று நுவரெலியாவில் உல்லாசப் பயணிகள் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து பறிப்பது போலப் படம் எடுக்கிறார்கள். விடுமுறைக்குப் போன எங்கள் பிள்ளைகளின் இன்ஸ்ரகிராமிலும் அப்படிப் படம் பார்த்திருக்கிறேன். எடுக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். எடுத்த பிறகு பக்கத்தில் நிற்கும் அக்காவிடம் இன்று எத்தனை கிலோ என்று ஒரு வார்த்தை தமிழில் கேளுங்கள்.

ஒவ்வொன்றிலும் இரண்டு

ஒருமுறையாவது போகவேண்டிய இடம் கென்றில் ஃபவர்ஷம் ஊரில் இருக்கும் புறொக்டேல். றிச்சாட் ஹரிஸின் ரெனம் அதற்குப் பக்கத்தில்தான். நாட்டின் தேசியப் பழச் சேகரிப்பு அங்கே இருக்கிறது. அப்பிளில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட வகை. ஒவ்வொரு வகையிலும் இரண்டு மரம். ஒன்று பட்டுப்போனால் மற்றதிலிருந்து கொப்பு எடுத்து ஒட்டலாம். தினமும் என் வேலையில் 'பக்கப் எடுத்தாச்சா' என்று கேட்பவன் நான். அந்த வரிசைகளுக்கு நடுவில் நின்றபோது 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம்தான் நினைவுக்கு வந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். சில ஓலைச்சுவடிகளுக்கு இரண்டாவது பிரதி உலகில் எங்கும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஒவ்வொன்றாக மின்வடிவாக்கி இணையத்தில் வைப்பது இந்த இரண்டாவது மரத்தை நடுகிற வேலைதான். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய மலர், சிறுசஞ்சிகை இருந்தால் அவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

புறொக்டேலும் 1990 அளவில் மூடப்படும் நிலைக்கு வந்தது. அரசு கையை விரித்தபோது உள்ளூர்ச் சபையும் ஆர்வலர்களும் அறக்கட்டளை அமைத்துக் காப்பாற்றினார்கள். அதே 1990 ஒக்ரோபர் 21 அன்று கொமன் கிறவுண்ட் என்ற அமைப்பு பழைய கொவென்ற் கார்டன் சந்தைச் சதுக்கத்தில் முதல் அப்பிள் தினத்தை நடத்தியது. 1974இல் சந்தை நைன் எல்ம்ஸுக்குப் போன பிறகு அந்தச் சதுக்கத்தில் பழம் விற்றது அன்றுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். எசெக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்ஸ்ஃபோட்டுக்கு அருகே லத்கோற்ஸ், தென்மேற்கில் இருப்பவர்களுக்கு ஈஷரில் கார்சன்ஸ், இரண்டிலும் அப்பிள் ஆயலாம். எந்த வாரம் எந்த வகை பழுத்திருக்கிறது என்று அவர்களின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். டிஸ்கவரி ஆவணியிலேயே வந்துவிடும், கொக்ஸ் புரட்டாதி கடைசியில், பிறம்லி ஐப்பசி வரைக்கும். நவராத்திரிப் படையலுக்கு நீங்களே ஆய்ந்த பழம் வைக்க நாள் சரியாக வரும்.

ஆயும்போது இழுக்காதீர்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல மேலே தூக்கி, கொஞ்சம் திருகுங்கள். பழுத்திருந்தால் காம்போடு கையில் வரும். வராவிட்டால் விடுங்கள், அதற்கு இன்னும் ஒரு கிழமை வேண்டும். இழுத்தால் காம்படியில் இருக்கும் குட்டை முனை ஒடிந்துவிடும். அடுத்த வருடப் பூ வருவது அதில்தான். அடி பட்ட பழத்தை நல்ல பழத்தோடு வைக்கவேண்டாம். அது விடும் எதிலீன் வாயு மற்றதையும் பழுக்கவைத்து அழுகச் செய்யும். நல்ல பிறம்லியைத் தாளில் சுற்றிக் குளிரான இடத்தில் வைத்தால் தை மாதம் வரை கிடக்கும்.

கடையில் இப்போது அதிகம் கிடைக்கும் காலா அப்பிளை மட்டம் தட்டவும் வேண்டாம். கொக்ஸையும் அமெரிக்க டிலிஷஸையும் கலந்து நியூசிலாந்தில் ஒரு பழம் உருவாக்கினார்கள். அதன் பிள்ளைதான் காலா. கோல்ன்புறூக் கிழவரின் பேரப்பிள்ளை. வெளிநாட்டில் பிறந்து, இப்போது கென்ற் தோட்டங்களில் கொக்ஸின் இடத்தில் நிற்கிறது.

பிறம்லி கட்டாயம் ஒரு பை எடுங்கள். ஆங்கிலேயர் அதைப் பையாகச் சுட்டுச் சீனி போட்டுத் தின்கிறார்கள். எங்கள் அம்மம்மா அதைப் புளி மாங்காய் என்று கண்டுபிடித்து முப்பது வருடமாகிறது. துருவி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து இடித்தால் மாங்காய்ச் சம்பலுக்கும் அதற்கும் வித்தியாசம் பிடிப்பது கஷ்டம். தோட்டத்திலேயே தின்பதென்றால் உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோங்கள். நிறுக்கும் இடத்தில் நிற்பவர் பார்த்துக் கேட்டால் அவருக்கும் ஒரு துண்டு கொடுங்கள்.